கிட்டார் மீன்: சுறாவா, திருக்கையா, டைனோசர் காலத்து மீனா?

சிங்கப்பூர்த் தேக்கா ஈரச்சந்தையில் பார்த்த ஒரு மீனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பாதி திருக்கை மாதிரித் தட்டையாக, கூரான மூக்கோடு இருந்தது; பின்பாதியில் சுறாவுக்கு இருப்பதுபோல் தடித்த வால், முதுகில் இரண்டு துடுப்பு. கடைக்காரர் சுறா என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகள் தேடிப் பார்த்து, "இது கிட்டார் மீன்பா, டைனோசர் காலத்திலிருந்து மாறவே இல்லையாம், உயிருள்ள புதைபடிவமாம்" என்றாளாம். யார் சொன்னது சரி, இதை எந்த வகையில் சேர்ப்பது என்பது உங்கள் கேள்வி.

கடைக்காரர் சொன்னது தவறு. மகள் சொன்னது பாதி சரி. அது திருக்கைதான். அந்த உடல்வாகு டைனோசர் காலத்திலேயே இருந்தது என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அன்று அந்த உடலோடு திரிந்த மீனும் இன்று சந்தையில் ஐஸ் மேல் கிடக்கும் மீனும் ஒரே குடும்பம் அல்ல. கிட்டார் வடிவம் ஒரு வம்சத்தின் முத்திரை இல்லை. திருக்கைகளின் பல கிளைகளில் தங்கிப்போன பழைய உடல்வாகு, அவ்வளவுதான். வகைப்பாட்டில் நடந்த குளறுபடிகளுக்கும் புதைபடிவங்களில் நடந்த குளறுபடிகளுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

முதலில் சுறாவா திருக்கையா என்பதை முடித்துவிடலாம். அடுத்த முறை மீனைப் புரட்டிப் பாருங்கள். சுறாவுக்குச் செவுள் பிளவுகள் கழுத்தின் இரு பக்கமும் இருக்கும். திருக்கைக்கு அவை அடிவயிற்றுப் பக்கம், வாய்க்குப் பின்னால் இருக்கும். மார்புத் துடுப்பு செவுளுக்கு மேலாக முன்னேறித் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கிட்டார் மீனுக்கும் அப்படியே. நீந்தும்போது மட்டும் மற்றத் திருக்கைகள்போல் துடுப்பை அலைக்காமல், வாலை வீசிச் சுறா மாதிரிப் போகும். ஏமாறுவது அங்கேதான்.

ஏமாந்தவர்கள் பட்டியலில் பெரிய தலைகளும் உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், தட்டையான உடம்புள்ள தேவதைச் சுறாவும் திருக்கையும் கூடிப் பிறந்த கலப்பினம் இது என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு பின்னால் போவானேன், 1992இல் ஷிகேரு ஷிராய் என்ற ஜப்பானிய ஆய்வாளர், திருக்கைகள் எல்லாமே சுறாக்களுக்குள்ளிருந்து கிளைத்தவை, ரம்பச் சுறாவும் தேவதைச் சுறாவும் அவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் என்று உடற்கூற்றை வைத்து வாதிட்டார். அது நிலைத்திருந்தால் உங்கள் கடைக்காரரும் தப்பித்திருப்பார். மரபணு ஆய்வுகள் வந்தபின் அந்தக் கருத்து நிற்கவில்லை. சுறாக்கள் எல்லாம் ஒரு கிளை, திருக்கைகள் எல்லாம் தனிக் கிளை. ஒரே மாதிரித் தட்டையாகிப்போனது இரண்டு பக்கமும் தனித்தனியாக நடந்த காரியம்.

சரி, திருக்கைகளுக்குள் இது எங்கே வரும்? உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் இதை ராஜா என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு), அதாவது மற்றத் திருக்கைகளோடு சேர்த்தே வைத்தார். 1790இல் லிங்க் என்பவர் ரைனோபேட்டோஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார். அடுத்த முக்கியமான கட்டம் 1801. அதில் நம் ஊர்க் கரைக்கும் பங்கு உண்டு. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், அங்கே கிடைத்த மீன்களை பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் மார்க்கஸ் பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் 1799இல் இறந்துவிட, அவர் விட்டுச்சென்ற நூலை ஷ்னைடர் என்ற அறிஞர் முடித்து 1801இல் வெளியிட்டார். வட்ட மூக்கும் முதுகில் முள்வரிசையும் உள்ள ரைனா என்ற விசித்திர மீன் அதில்தான் முதலில் வருகிறது; கிடைத்த இடம் சோழமண்டலக் கரை. இன்று ரிங்கோபேட்டஸ் லீவிஸ் எனப்படும் மீனும் அதே நூலில் தரங்கம்பாடியிலிருந்து விவரிக்கப்பட்டதுதான். சிங்கப்பூர்த் தமிழரில் எத்தனையோ பேருக்குத் தஞ்சை, நாகைப் பக்கம்தானே பூர்வீகம்! இந்த இனங்களை அறிவியலுக்கு முதலில் பிடித்துக்கொடுத்தது அந்தக் கரை மீனவர்களின் வலை. அவர்கள் இவற்றை உழுவை என்பார்கள்.

அதன்பின் ஏறக்குறைய இருநூறு வருடம், கிட்டார் உருவம் உள்ளவற்றை ஒரே கூடாரத்தில் வைப்பதே வழக்கமாக இருந்தது. 1926இல் லண்டனில் நார்மன் என்ற மீன் ஆய்வாளர் இந்தக் குடும்பத்தை முழுக்க அலசி ஒழுங்குபடுத்தினார். நல்ல வேலைதான், ஆனால் இந்தக் கூடாரத்துக்கு அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருந்தது. கொட்டும் முள் இல்லை, மின்சாரம் பாய்ச்சும் உறுப்பு இல்லை, ரம்பம் இல்லை, தட்டு மாதிரி வட்டமாகவும் ஆகவில்லை. அப்படியானால் கிட்டார் மீன்! ஒன்று இல்லாததை வைத்து உறவு சொல்ல முடியாது. பொதுவான மூதாதைக்கே இருந்த உடலைப் பலபேர் அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். அதனால் மட்டும் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள்.

மரபணு வரிசைகளைப் பெரிய அளவில் ஒப்பிட்டு 2012இல் கேவின் நேய்லர் குழுவும் ஆஷ்லிமன் குழுவும் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கூடாரத்தைப் பிரித்துப்போட்டன. முள்முதுகுக் கிட்டார் மீன் என்று சொல்லப்பட்ட பிளாட்டிரைனா வகை, மின் திருக்கைகளின் பக்கம் போய்விட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் சனோபேட்டஸ், கொட்டும் திருக்கைகளின் அருகே போனது. மீதி இருந்தவற்றோடு, யாரும் கிட்டார் மீன் என்று சொல்லாத ஒன்று உள்ளே வந்தது: வேளா மீன், அந்த நீண்ட ரம்ப மூக்குக்காரன். மரபு மரத்தில் அது கிட்டார் மீன்களுக்கு நடுவிலேயே உட்காருகிறது. அதாவது வேளாவை வெளியே நிறுத்திவிட்டுக் கிட்டார் மீன்கள் என்று ஒரு முழுக் குடும்பத்தை வரையவே முடியாது. இவை எல்லாம் சேர்ந்த வரிசைக்கு (பல குடும்பங்களை அடக்கிய பெரும்பிரிவு) ரைனோபிரிஸ்டிஃபார்மிஸ் என்று பெயர்.

இன்னொன்றும் தெரியவந்தது. உணவங்காடியில் வாழையிலை மேல் சம்பால் தடவிச் சுட்டுத் தருகிறார்களே, அந்தக் கொட்டும் திருக்கை வகைதான் கிட்டார் மீனுக்கு நெருங்கிய சொந்தம். ஐரோப்பாக்காரர்கள் சாப்பிடும் ஸ்கேட் திருக்கைகள், மற்ற எல்லாத் திருக்கைகளிலிருந்தும் முதலிலேயே பிரிந்துபோன கிளை. உருவத்தைப் பார்த்தால் இதை யாரும் நம்ப மாட்டார்கள்.

2016இல் பீட்டர் லாஸ்ட், பெர்னார் செரே, நேய்லர் மூவரும் பழைய ஒற்றைக் குடும்பத்தை முறையாகப் பங்கு பிரித்தார்கள். ரைனோபேட்டிடே என்ற பெயர் இப்போது மூன்று பேரினங்களுக்கு மட்டும்: ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா பக்கத்து ரைனோபேட்டோஸ், அமெரிக்கக் கண்டங்களின் இரு கரைகளிலும் உள்ள சூடோபேட்டோஸ், பெரும்பாலும் மேற்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் அக்ரோடீரியோபேட்டஸ். கடைசியில் சொன்னதில் ஓர் இனம் 1973இல் மன்னார் வளைகுடாவிலிருந்து விவரிக்கப்பட்டது. பெரிய உருவமுள்ள கிளாக்கோஸ்டீகஸுக்குத் தனிக் குடும்பம் கிடைத்தது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா பக்கத்துச் சில பேரினங்கள் டிரைகனோரைனிடே ஆயின. ரிங்கோபேட்டஸும் ரைனாவும் ரைனிடே குடும்பம். அதே வருடம் மொரித்தேனியாவிலிருந்து ரிங்கோரைனா என்று ஒரு புதுப் பேரினமும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. மூக்கு ரைனாவுடையது, உடம்பு ரிங்கோபேட்டஸுடையது என்று சொல்லும்படியான மீன்.

இனி, நீங்கள் பார்த்தது இவற்றில் எது? சிங்கப்பூர்ச் சந்தைக்குப் பெரும்பாலும் வருவது இரண்டு வகை. முதல் முதுகுத் துடுப்பு இடுப்புத் துடுப்புக்கு நேர் மேலே இருந்து, வால் நுனி மேலும் கீழுமாக இரண்டு மடலாகப் பிரிந்திருந்தால் அது ரிங்கோபேட்டஸ், வெட்ஜ்ஃபிஷ் என்பார்கள். இரண்டு முதுகுத் துடுப்பும் மிகவும் பின்னால் தள்ளி, வாலில் கீழ்மடல் இல்லாமல் இருந்தால் கிளாக்கோஸ்டீகஸ். இரண்டும் இரண்டரை மீட்டரைத் தாண்டி வளரக்கூடியவை. துடுப்பை வெட்டி எடுத்த பிறகு வரும் உடலில் இதையெல்லாம் பார்க்க முடியாது. துடுப்புக்குத் தனி விலை, பெரிய விலை. சுறாத் துடுப்பு வணிகத்தில் இவற்றின் துடுப்பை உயர்ந்த ரகமாக வைத்திருக்கிறார்கள். இந்த மீன்கள் இன்று இருக்கும் நிலைமைக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நிலைமை மோசம்தான். 2019இல் செய்த மதிப்பீட்டில், ரைனிடே குடும்பத்தின் 10 இனங்களும் கிளாக்கோஸ்டீகஸின் 6 இனங்களும் சேர்ந்த 16இல் 15, மிக அருகிய இனம் என்ற கடைசிப் படியில் வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மாநாட்டில் இந்த இரண்டு குழுவும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 2022இல் பனாமாவில் ரைனோபேட்டிடே குடும்பமும் சேர்ந்தது. எல்லை தாண்டி விற்க வாங்க அனுமதி வேண்டும் என்று பொருள். வகைப்பாடு என்பது அருங்காட்சியகத்துக்குள் மட்டும் நடக்கும் சண்டை இல்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். குடும்பத்தின் பெயரை எழுதித்தான் பட்டியல் போடுகிறார்கள். குடும்பத்தின் எல்லை எங்கே என்று தெரியாவிட்டால் துறைமுகத்தில் நிற்கும் அதிகாரி எதைப் பிடிப்பார், எதை விடுவார்?

சிங்கப்பூரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. ரிங்கோபேட்டஸ் குக்கி என்ற குட்டி வெட்ஜ்ஃபிஷ் 2016இல்தான் பெயர் பெற்றது. அதை விவரித்தவர்கள் அதைக் கடலில் பார்க்கவே இல்லை. சிங்கப்பூர், ஜகார்த்தா மீன்சந்தைகளில் வாங்கிய மாதிரிகளை வைத்தே விவரித்தார்கள்; கடைசி மாதிரி 1996இல் இங்கே கிடைத்தது. அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. 2019இல் மறுபடி சிங்கப்பூர்ச் சந்தையில் ஒன்று வந்தது. நமக்குத் தெற்கே, இந்தோனேசியாவின் லிங்கா தீவுப் பக்கத்து மீனவர்கள் சமூக ஊடகத்தில் போட்ட படங்களைத் தேடிப் பிடித்துத்தான் அது எங்கே வாழ்கிறது என்பதையே பிறகு ஊகித்தார்கள். ஆகவே படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று.

இப்போது டைனோசர் விஷயம். புதைபடிவம் என்றதும் முழு எலும்புக்கூட்டை நினைக்க வேண்டாம். சுறா, திருக்கைகளுக்கு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு. செத்தால் சீக்கிரம் கரைந்துவிடும். மிஞ்சுவது பல். கிட்டார் மீனின் பல் சில மில்லிமீட்டர் அளவுதான். நண்டு, இறால் ஓட்டை நொறுக்க வாகாகத் தட்டையாக, உட்பக்கம் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருப்பதாக இருக்கும். களிமண்ணையும் மணலையும் சலித்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பொறுக்குவார்கள். பழைய திருக்கைகள் பலவற்றின் பல்லும் இதே அமைப்புதான். விளைவு, எங்கே வைப்பது என்று தெரியாத சாமானெல்லாம் போய் விழும் வீட்டு இழுப்பறை மாதிரி ரைனோபேட்டோஸ் என்ற பேரினம் ஆகிவிட்டது. டைனோசர்களின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்துப் பல்லா, போடு அதில். டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த இயோசீன் காலத்து முழு மீனா, அதையும் போடு. இந்தப் பேரினம் கோடிக்கணக்கான வருடங்களாக மாறாமல் இருக்கிறது என்று நூல்களில் எழுதியதற்குப் பாதிக் காரணம் இந்த இழுப்பறைதான்.

கிடைத்தவற்றில் மிகப் பழைய திருக்கைப் பற்கள் தொடக்க ஜுராசிக் காலத்தவை. ஜெர்மனியின் கிரிம்மன் ஊர்க் களிமண்ணில் கிடைத்த ஆன்டிகுவாபேட்டிஸ் அவற்றில் ஒன்று. வயது 18 கோடி ஆண்டுக்கும் மேல். முழு உடலைப் பார்க்க இன்னும் 3 கோடி ஆண்டுக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும். மகளைக் கென்ட் ரிட்ஜில் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்களா? அங்கே நிற்கும் மூன்று நீள்கழுத்து டைனோசர்களும் அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்தவை, சுமார் 15 கோடி வருடத்துக்கு முந்தியவை. ஏறத்தாழ அதே சமயத்தில் இன்றைய ஜெர்மனியும் பிரான்ஸும் இருக்கும் இடத்தில் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். அதன் அடியில் மெல்லிய சுண்ணாம்புச் சேறு படிந்து, செத்து விழுந்தவற்றை அப்படியே அச்செடுத்து வைத்தது. சோல்ன்ஹோஃபன், செரின் ஆகிய இடங்களின் பாறைத் தகடுகளில் ஸ்பாத்தோபேட்டிஸ், பெலெம்னோபேட்டிஸ், ஆஸ்டெரோடெர்மஸ் என்ற திருக்கைகள் துடுப்பு விளிம்பு வரை தெரியக் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் டார்செட் கரையில் கிடைத்த கிம்மெரோபேட்டிஸ் 2017இல் பெயர் பெற்றது. 2024இல் சோல்ன்ஹோஃபன் பக்கத்திலிருந்து அபோலித்தாபேட்டிஸ் என்று இன்னொன்று வந்தது.

இவற்றின் படத்தைப் பார்த்தால் கிட்டார் மீன் என்றுதான் யாரும் சொல்வார்கள். நிபுணர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் சொன்னார்கள். உற்றுப் பார்த்தால் வேறு கதை. இவற்றில் சிலவற்றுக்கு முதுகுத் துடுப்புகளின் முன்னால் சின்ன முள் உண்டு. இன்றைய கிட்டார் மீன்களுக்கு அது கிடையாது. எலும்புக்கூட்டின் அமைப்பையெல்லாம் சேர்த்து மரபு மரம் வரைந்தால், இந்த ஜுராசிக் மீன்கள் தங்களுக்குள் ஒரு குழுவாகச் சேர்ந்து, இன்றுள்ள குடும்பங்களுக்கு வெளியே போய் நிற்கின்றன. 2024இல் அவற்றுக்கென்று தனி வரிசையே அமைத்துவிட்டார்கள். உங்கள் மகள் படித்த வரியில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்: டைனோசர்களின் காலடியில் நீந்தியது கிட்டார் வடிவ மீன், ஆனால் கிட்டார் மீன் குடும்பம் அல்ல.

கிரெட்டேசியஸ் காலத்துக்கு வந்தால் கூட்டம் அதிகம். பிரேசிலின் சந்தானா பாறைகளில் சுமார் 11 கோடி ஆண்டுப் பழமையான இயன்சன் கிடைக்கிறது. லெபனானில் ஹாக்கெல், சாஹெல் அல்மா போன்ற இடங்களில் முழு மீன்களே அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. அங்கே கிடைத்தவற்றையும் 19ஆம் நூற்றாண்டு முதல் ரைனோபேட்டோஸ் என்றே எழுதி வந்தார்கள். இப்போது ஆய்வுகளில் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதுவது சகஜம். இழுப்பறையைக் காலிசெய்யும் வேலை இன்னும் நடக்கிறது.

அதே லெபனான் பாறைகளில் ரம்பம் வைத்த திருக்கைகளும் இருக்கின்றன, ஸ்கிளீரோரிங்கஸ் முதலியவை. மொராக்கோவின் கெம் கெம் ஆற்றுப் படிவுகளில், ஸ்பைனோசரஸ் டைனோசர் கிடைக்கும் அதே இடத்தில், ஆன்கோபிரிஸ்டிஸ் என்ற பெரிய ரம்ப மீன் கிடைக்கிறது. இவையெல்லாம் வேளா மீனின் முன்னோர் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வேளாவின் ரம்பப் பல் குழிக்குள் பதிந்திருக்கும். இவற்றின் பல் மேலே ஒட்டிக்கொண்டிருந்து விழுந்து விழுந்து முளைக்கும். ஆன்கோபிரிஸ்டிஸின் எலும்புக்கூட்டை ஆராய்ந்த 2021 ஆய்வு, இந்தக் குழு ஸ்கேட் திருக்கைகளின் பக்கம் சேரும் என்கிறது. ரம்பச் சுறாவையும் எண்ணினால், ரம்ப மூக்கு மூன்று தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. கிட்டார் உடல் ஒன்றிருந்தால் அதன் முன்னால் ரம்பம் வைப்பது இயற்கைக்கு அவ்வளவு கடினமில்லை போல. இங்குள்ள சீனக் கோயில்களில் சாமியாடுபவர்கள் வைத்திருக்கும் ஐந்து ஆயுதங்களில் ஒன்று வேளாவின் ரம்பம். அதைப் பார்க்க நேர்ந்தால் பல் குழிக்குள் பதிந்திருப்பதைக் கவனியுங்கள்.

6.6 கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களை முடித்த பேரழிவில் அந்தப் பழைய ரம்பத் திருக்கைகள் முழுதாக மறைந்தன. கடலில் சுறா, திருக்கை இனங்களில் 62 சதவீதத்துக்கு மேல் அழிந்தன என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுறாவைவிடத் திருக்கைக்கு விழுந்த அடி பெரிது. வேளா மீன்கள் தெளிவாகத் தெரியத் தொடங்குவது அதற்குப் பிறகுதான், இயோசீன் காலத்தில். இத்தாலியின் போல்கா பாறைகளில் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான கிட்டார் மீன்கள் முழு உடலோடு கிடைத்திருக்கின்றன. அவையும் ரைனோபேட்டோஸ் என்ற பெயரில்தான் இருந்தன. அண்மையில் மறுபடி ஆராய்ந்து, ஈயோரைனோபேட்டோஸ், சூடோரைனோபேட்டோஸ் என்று இரண்டு புதுப் பேரினங்களுக்கு மாற்றிவிட்டார்கள்.

ரிங்கோபேட்டஸின் பற்களோ இயோசீனிலிருந்து கிடைக்கின்றன. மயோசீன் காலத்தில், அதாவது சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு முன், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் கரையில்கூட இவை வாழ்ந்தன. அங்குள்ள கால்வர்ட் கடலோரக் குன்றுப் பகுதியில் அவற்றின் பற்கள் கிடைக்கின்றன. இப்போது அமெரிக்கக் கண்டங்களின் எந்தக் கரையிலும் ஒரு ரிங்கோபேட்டஸ்கூட இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் இனம் தவிர மீதி எல்லாம் இந்தியப் பெருங்கடலிலும் நம் பக்கத்துக் கடல்களிலும்தான் இருக்கின்றன.